குன்றின்மீது ஒரு கையெழுத்து

பாரிஸ் நகரம் சென்று திரும்புவோர் தவறாமல் ஒரு குன்றைப்பற்றிக் கூறுவர். மோன்மார்த் என்பது அதன் பெயர். உயரம் 130 மீட்டர்தான். மலை என்று அதனைக் கூறினால் மலைகள் நாணும். எனினும், ஓவியம் என்ற உடனே உலகம் திரும்பிப் பார்க்கும் இடம் அது. உச்சியிலே வெண்ணிறப் பேராலயம், சரிவிலே படிக்கட்டுகள், சந்து சந்தாக வீடுகள். இந்த வீட்டிலேதான் ரெனுவார் தங்கினார், அந்தக் கொட்டகையிலேதான் பிக்காசோ வறுமையில் வாடினார், இந்தத் தெருவிலேதான் துலூஸ் லொத்ரெக் குடித்துக் கெட்டார் என்று வழிகாட்டிகள் ஒப்புவிக்கிறார்கள். வந்தவர் வாய்பிளந்து கேட்கிறார், படம் பிடித்துக்கொள்கிறார், இறங்கிப் போய்விடுகிறார்.

நாம் கேட்பது வேறு. ஓவியர்கள் குடியிருந்தனர், சரி. அவர்கள் உடுத்திய துணியை வெளுத்தவர் யார்? அவர்கள் முன்னே கால்கடுக்க நின்று, அந்த எழிலோவியங்களுக்கு முகமும் முதுகும் தந்த பெண்கள் யார்? ஓவியத்தின் அடியிலே தீட்டியவர் பெயர் இருக்கிறது. ஓவியத்தின் நடுவிலே நிற்பவளுக்குப் பெயர் உண்டா?

பெயரில்லாமல் அப்படி நின்ற கூட்டத்திலே ஒருத்தி, ஒருநாள் தூரிகையைத் தன் கையிலே எடுத்தாள். ஓவியத்தின் நடுவிலே நின்றவள், அடியிலே தன் பெயரையும் எழுதினாள். சூசான் வாலதோன் என்பது அந்தப் பெயர். பெற்றவள் இட்ட பெயரல்ல அது. அந்தப் பெயர் வந்த விதத்தை உரிய இடத்தில் சொல்வோம். முதலில் பிறந்த கதையைக் கேளுங்கள்.

1865-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள், பிரான்சு நாட்டிலே, லிமோஜ் நகரையடுத்த பெசீன் என்ற சிற்றூரில் அவள் பிறந்தாள். தாய் மதலேன், வீடுகளில் துணி துவைத்தும் தைத்தும் பிழைத்தவள், மணமாகாதவள். தந்தை யாரென்று ஊருக்குத் தெரியாது, ஏட்டிலும் இல்லை. பிள்ளைக்கு மரி-கிளெமென்தீன் என்று பெயரிட்டார்கள். தகப்பன் பெயரில்லாத பெண் குழந்தையையும் அதன் தாயையும் ஒரு சிற்றூர் எப்படிப் பார்க்கும் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை. தாய், குழந்தையை எடுத்துக்கொண்டு பாரிசுக்குப் போனாள். அங்கே அவளுக்கு இடம் கொடுத்தது மோன்மார்த்.

ஏன் மோன்மார்த்? அங்கே ஓவியம் இருந்ததாலா? இல்லை. வாடகை குறைவு! 1860-இல்தான் அந்தக் குன்று பாரிசு நகரத்தோடு இணைக்கப்பட்டது. மூன்றாம் நெப்போலியன் ஆட்சியிலே, ஹௌஸ்மான் என்ற அதிகாரி பாரிசின் பழைய தெருக்களை இடித்துத் தள்ளி, அகன்ற சாலைகளையும் அடுக்கு மாளிகைகளையும் எழுப்பினார். மாளிகை எழுந்தது, அங்கே அதுவரை குடியிருந்த ஏழைகள் எங்கே போவார்கள்? ஓரத்துக்கு ஒதுங்கினார்கள். அப்படி ஒதுங்கியவர்கள் ஏறிய மேடுகளில் ஒன்றுதான் மோன்மார்த். காற்றாலைகளும் திராட்சைத் தோட்டங்களும் இருந்த குன்று அது. வயிற்றைக் கிழித்துச் சுண்ணாம்புக்கல் போன்ற ஜிப்சம் வெட்டி எடுத்த குன்று. எலும்பு முறிந்தால் மருத்துவமனையிலே மாவுக்கட்டுப் போடுகிறார்களே, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், அந்தப் பெயரே இந்த மண்ணிலிருந்து வெட்டியெடுத்த கல்லால் வந்ததுதான். பாரிசின் சுவர்களுக்குப் பூச்சு கொடுத்த குன்று, பாரிசு ஒதுக்கிய ஏழைகளுக்கு இடமும் கொடுத்தது.

ஓவியர்களும் அதே காரணத்துக்காகத்தான் அங்கு வந்தார்கள். கையிலே காசில்லை. கலை வளர்த்த குன்று என்று இன்று புகழ்கிறார்கள். அந்தக் கலையை முதலில் தாங்கியது குறைந்த வாடகை.

அந்தக் குன்றுக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1871 மார்ச் 18. போரிலே பிரான்சு தோற்றிருந்தது. குன்றின்மேல் தேசியக் காவற்படையின் பீரங்கிகள் நின்றன. அவற்றைக் கைப்பற்றுவதற்கு அரசு விடியற்காலையிலே படை அனுப்பிற்று. குன்றின் பெண்கள் ஓடிவந்து சிப்பாய்களுக்கும் பீரங்கிகளுக்கும் நடுவிலே நின்றார்கள். சுடு என்றது ஆணை, சுடவில்லை சிப்பாய்கள். அந்தக் காலையிலே பிறந்ததுதான் பாரிஸ் கம்யூன். அந்தப் பெண்களோடு நின்ற லூயிஸ் மிஷேல், அதே குன்றிலே பள்ளிக்கூடம் நடத்திய ஆசிரியை. மே மாத இறுதியிலே கம்யூன் இரத்த வெள்ளத்தில் அழிக்கப்பட்டது. அதன்பின், நாடு செய்த பாவத்துக்குப் பரிகாரம் என்ற பெயரிலே, அதே குன்றின் உச்சியில் திருஇருதயப் பேராலயம் கட்ட 1873-இல் சட்டம் செய்தார்கள். 1875-இல் கல் நாட்டினார்கள். கட்டி முடிக்க 1914 ஆயிற்று. கல் நாட்டியபோது நம் சிறுமிக்கு வயது ஒன்பது. கட்டி முடித்தபோது ஐம்பதை நெருங்கியிருந்தாள். அவள் வாழ்நாளின் பெரும்பகுதி அந்தக் கட்டுமானத்தின் நிழலில்தான் ஓடியது.

தாய் பகலெல்லாம் உழைத்தாள். மகள் தெருவில் வளர்ந்தாள். கன்னியர் நடத்திய பள்ளியிலே சிறிது காலம், நிலைக்கவில்லை. பதினோரு வயதிலேயே வேலை. தொப்பி தைக்கும் கடை, இழவு வீட்டுக்கு மலர்வளையம் கட்டும் பட்டறை, காய்கறி வியாபாரம், உணவு விடுதியில் எடுபிடி. கரித்துண்டு கிடைத்தால் நடைபாதையிலே படம் வரைவாள் என்பார்கள். யார் கற்றுக்கொடுத்தது? யாருமில்லை. பதினைந்து வயதிலே சர்க்கசில் சேர்ந்தாள். அந்தரத்திலே ஊஞ்சலாடும் பார் விளையாட்டு. கூட்டம் கைதட்டும், அவள் முகம் மலரும். ஓராண்டு ஆவதற்குள் கை நழுவி விழுந்தாள், முதுகிலே அடி. சர்க்கஸ் கதவு மூடிவிட்டது.

குன்றின் அடிவாரத்திலே பிகால் சதுக்கம். அங்கே ஒரு நீரூற்று. அதைச் சுற்றி ஒரு சந்தை கூடும். காய்கறிச் சந்தையல்ல, மாட்டுச் சந்தையல்ல, மனிதச் சந்தை! ஓவியர் முன்னே அசையாது நின்று கூலி பெறும் மாடல்கள் அங்கே கூடுவர். ஓவியர்கள் வருவார்கள், சுற்றிப் பார்ப்பார்கள், முகத்தையும் இடுப்பையும் அளவெடுப்பார்கள், பேரம் பேசி அழைத்துப் போவார்கள். அந்தத் தொழிலில் இறங்கினாள் நம் பெண். மரியா என்று பெயர் வைத்துக்கொண்டாள். இது அவளுடைய இரண்டாவது பெயர்.

பூவி தெ ஷவான் என்ற புகழ்மிக்க ஓவியர் அவளை நிற்கவைத்துத் தெய்வமகளிரைத் தீட்டினார். 1883-இல் ரெனுவார் அவளை வைத்து ஆடும் பெண்களைத் தீட்டினார். நகரத்து நடனம் என்ற அவருடைய ஓவியத்தைப் பாருங்கள்: வெண்பட்டு ஆடை, பளிங்கு போன்ற முதுகு, நீண்ட கையுறை, சீமான் ஒருவரின் தோளிலே சாய்ந்த சீமாட்டி. சீமாட்டியா அவள்? அழுக்குத் துணி வெளுத்தவளின் மகள்! பட்டு அவளுடையதல்ல. படம் முடிந்ததும் அதைக் கழற்றி வைத்துவிட்டு, கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு, இருளடைந்த அறைக்கு நடந்து போகவேண்டும். அதே ஆண்டு டிசம்பர் 26-இல் அவளுக்குக் குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை, மோரிஸ். தாய்க்கு நேர்ந்ததே மகளுக்கும்: குழந்தையின் தந்தை யாரென்று உலகம் அறியவில்லை. பாட்டி குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். பதினெட்டு வயதுத் தாய் மீண்டும் நிற்கப் போனாள்.

ஆனால் அதே 1883-இல் வேறொன்றும் நடந்தது. ஒரு கண்ணாடி முன்னே அவள் அமர்ந்து, வண்ணக்கட்டியால் தன் முகத்தைத் தானே வரைந்தாள். ரெனுவார் தீட்டிய முகத்திலே வெட்கமும் மென்மையும் வழியும். அவள் வரைந்த அவள் முகத்திலே அது எதுவும் இல்லை. இறுகிய வாய், நேரே குத்தும் பார்வை, வாழ்க்கை என்னிடம் என்ன கேட்கிறது பார்ப்போம் என்று நிற்கும் கண்கள். ஒரே ஆண்டு, ஒரே பெண், இரண்டு முகம்! ஒன்று விலைகொடுத்தவர் கண்ட முகம். மற்றொன்று உடையவள் கண்ட முகம். எது மெய் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

கால்கடுக்க நின்றாளே, சும்மாவா நின்றாள்? பார்த்துக்கொண்டே நின்றாள். கோடு எங்கே தொடங்குகிறது, வண்ணத்தை எப்படிக் குழைக்கிறார்கள், தவறினால் எப்படித் திருத்துகிறார்கள் என்பதை எல்லாம் கண்ணாலே களவாடினாள். அரசு நடத்திய நுண்கலைப் பள்ளியிலே பெண்களுக்கு 1897 வரை இடமே கிடையாது. வசதி படைத்த வீட்டுப் பெண்கள் பணம் கட்டித் தனியாகக் கற்றார்கள். இவளோ, கூலி வாங்கிக்கொண்டு கற்றாள்!

துலூஸ் லொத்ரெக் என்பவர் பிரபுக் குலத்திலே பிறந்து, இளமையிலே கால் எலும்புகள் முறிந்து, வளர்ச்சி குன்றிப்போனவர். மாளிகையை விட்டு மோன்மார்த்துக்கு வந்து, குடிகாரரையும் நாட்டியப் பெண்களையும் தீட்டியவர். தூர்லாக் தெருவிலே அவர் ஓவியக்கூடம் இருந்த கட்டடத்திலேதான் வாலதோனும் தாயும் பிள்ளையும் குடியிருந்தார்கள். அவரும் அவளை வைத்துத் தீட்டினார்: மதுப்புட்டிக்கு முன்னே, மேசைமீது முழங்கையூன்றி, உலகை வெறுத்து உட்கார்ந்திருக்கும் பெண். அவர்தான் மூன்றாவது பெயரைச் சூட்டினார். கிழவர்கள் ஒளிந்திருந்து பார்த்த சூசன்னா என்ற பெண்ணின் கதை விவிலியத்திலே உண்டு. கிழட்டு ஓவியர்களுக்கெல்லாம் உருவம் காட்டுகிறவள் நீ, ஆகவே நீ சூசான் என்று கேலி செய்தார். கேலிதான்! ஆனால் அவள் என்ன செய்தாள்? அழவில்லை, கோபித்து ஓடவில்லை. கேலியாகத் தந்த அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டாள். தான் வரைந்த படங்களின் அடியிலே சூசான் வாலதோன் என்று எழுதினாள். பழிக்க வந்த சொல் விருதாயிற்று.

அவள் வரைந்த படக்கட்டு தெகா என்ற மேதையின் கண்ணில் பட்டது. தெகா யார்? குன்றின் கீழ்ச்சரிவிலே வாழ்ந்தவர்; கடுஞ்சொல்லுக்குப் பேர்போனவர்; சலவைப் பெண்களையும் இஸ்திரி போடும் பெண்களையும் அலுக்காமல் தீட்டியவர். பின்னாளிலே, குற்றமற்ற ட்ரைபஸ் என்ற யூத அதிகாரியை நாடு துரோகி என்று வதைத்தபோது, நீதியின் பக்கம் நிற்காமல் எதிர்ப்பக்கம் நின்றவர். அதை நாம் மறைக்கப்போவதில்லை. ஆயினும் அவர் கண் நேர்மையான கண். சலவைக்காரி மகள் போட்ட கோட்டைக் கண்டார். இவள் நம்மில் ஒருத்தி என்று ஒப்புக்கொண்டார். படங்களை விலைகொடுத்து வாங்கினார். செப்புத்தகட்டிலே படம் பதிக்கும் வித்தையையும் கற்றுக்கொடுத்தார். சலவைப் பெண்களைத் தீட்டிப் புகழ்பெற்றவரின் வீட்டிலே, சலவைப் பெண்ணின் மகள் தீட்டிய படம் இடம்பெற்றது. 1894-இல் தேசிய நுண்கலைச் சங்கத்தின் காட்சியிலே அவளுடைய ஐந்து படங்கள் வைக்கப்பட்டன. பள்ளியில் படிக்காதவள், பட்டம் பெறாதவள், நேற்றுவரை கூலிக்கு நின்றவள்! இதுவரை நாம் அவள் என்று எழுதினோம். இனி அம்மையார் என்று எழுதுவோம்.

என்ன வரைந்தார் அம்மையார்? தம்முடைய அறையை, தம்முடைய தாயை, தம்முடைய மகனை. கிழவி பிள்ளையைக் குளிப்பாட்டுகிறாள். வேலைக்காரி துண்டை நீட்டுகிறாள். எலும்பு துருத்தும் சிறுவன் கால் மாற்றி நிற்கிறான். அழகுபடுத்தவில்லை, அசிங்கப்படுத்தவுமில்லை. கருத்த, அழுத்தமான கோடு. துணி துவைத்துக் காய்த்துப்போன கை எப்படி இருக்குமோ, அப்படியே இருக்கிறது.

அவரை நாம் தெய்வமாக்க விரும்பவில்லை. குறையற்ற வாழ்வல்ல அது. 1893-இல் எரிக் சாத்தி என்ற இசைவாணரோடு ஆறு மாதக் காதல். கோர்த்தோ தெருவிலே சிறு அறையில் வாழ்ந்த அந்த ஏழைக் கலைஞரை அம்மையார் தீட்டிய ஓவியம் இன்றும் இருக்கிறது. 1896-இல் செல்வர் ஒருவரை மணந்து, குன்றை விட்டு நகருக்கு வெளியே வசதியாக வாழப்போனார். வசதி வந்தது, ஓவியம் குறைந்தது. மகனோ, இளமையிலேயே குடிக்கு அடிமையானான். 1904-இல் அவனை மனநோய் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. தாய்க்கு வேறு வழி தெரியவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே மருந்தைக் கொடுத்தார். தூரிகையைப் பிடி, எதையாவது தீட்டு என்று வற்புறுத்தினார்.

மோரிஸ் உத்ரில்லோ தீட்டினான். ஸ்பெயின் நாட்டு நண்பர் ஒருவர் தகப்பன் என்று 1891-இல் கையொப்பமிட்டுத் தந்த பெயர் உத்ரில்லோ. ஆட்களை அவன் அதிகம் தீட்டவில்லை. தெருக்களைத் தீட்டினான்: மோன்மார்த்தின் சுவர்கள், படிகள், சந்துகள், சாத்திய கதவுகள், முயலின் பெயர்கொண்ட சாராயக்கடை. குன்றின் சுவர் குன்றின் சுண்ணமாகவே தெரியவேண்டும் என்று வண்ணத்திலே சுண்ணமும் பிளாஸ்டரும் கலந்து பூசினான். ஒரு கோப்பை மதுவுக்குப் படத்தைக் கொடுத்தான். பின்னர் அந்தப் படங்கள் பெருவிலைக்குப் போயின. இன்று மோன்மார்த் என்றதும் உலகத்தின் கண்முன் வரும் வெள்ளைச் சுவரும் வெறிச்சோடிய தெருவும் அந்தக் குடிகாரப் பிள்ளை தீட்டிக் கொடுத்தவை. தாய் அந்தத் தெருக்களிலே வாழ்ந்த மனிதரைத் தீட்டினார்; மகன் மனிதர் அகன்ற தெருக்களைத் தீட்டினான். இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் குன்று முழுமை பெறும்.

1909-இல் அம்மையாருக்கு வயது நாற்பத்துநான்கை நெருங்கியது. பேத்தி எடுத்து ஓய்ந்து உட்காரும் வயது என்று உலகம் கூறும். அந்த வயதிலே செல்வக் கணவனின் வீட்டைத் துறந்து, குன்றுக்குத் திரும்பி, தூரிகையே தொழில் என்று துணிந்தார். மகனுடைய நண்பர், தம்மைவிட இருபத்தொரு வயது இளையவரான ஆந்திரே உத்தேர் என்ற ஓவியரோடு வாழ்ந்தார், 1914-இல் மணந்துகொண்டார். ஊர் தூற்றியது. ஊர் எப்போது போற்றியிருக்கிறது? 1912 முதல் கோர்த்தோ தெரு 12-ஆம் எண் வீட்டிலே குடும்பம் குடியேறிற்று. அதே வளாகத்திலேதான் 1876-இல் ரெனுவார் வாடகைக்கு இருந்து, குன்றின் மக்கள் ஆடிப்பாடும் புகழ்மிக்க படத்தைத் தீட்டினார். ஓவியர் குடியிருந்த வீட்டுக்கு மாடல் குடிவந்தார். வேலைக்காரியாக அல்ல, ஓவியராக!

அங்கே அவர் செய்த துணிச்சல் ஒன்றல்ல, இரண்டல்ல. ஆண்கள் பெண்ணுடலைத் தீட்டுவது கலை என்று மதிக்கப்பட்ட காலம். ஒரு பெண் ஆணுடலைத் தீட்டினால்? அம்மையார் தீட்டினார். ஆதாமும் ஏவாளுமாகத் தம்மையும் உத்தேரையும் 1909-இல் தீட்டினார். ஏவாள் இருந்தபடியே இருந்தாள், ஆதாமின் இடுப்புக்குமட்டும் பின்னர் இலை வரைந்து மறைக்க வேண்டி வந்தது. பார்த்தீர்களா நாகரிகத்தின் நீதியை! 1914-இல் வலைவீசும் ஆண்களை ஆடையின்றி ஆளுயரத்துக்கும் மேலாகத் தீட்டி மக்கள்முன் வைத்தார். 1923-இல் நீல அறை. படுக்கையிலே சாய்ந்த பெண்; நூற்றாண்டுகளாக ஓவியர்கள் தீட்டிய அதே கோலம். ஆனால் இவள் பார்ப்பவரை மயக்கவில்லை. பருத்த உடல், கோடுபோட்ட காற்சட்டை, வாயிலே சிகரெட், காலடியிலே புத்தகங்கள். யாருக்காகவும் அவள் படுத்திருக்கவில்லை, தனக்காக ஓய்வெடுக்கிறாள். நாளெல்லாம் உழைத்தவள் உடம்பைச் சாய்த்தால் எப்படி இருப்பாளோ, அப்படி. அறுபதைக் கடந்தபின்னும் தம் தளர்ந்த உடலை மறைக்காமல் தாமே தீட்டினார். விலைக்கு அழகு காட்டிய உடல், முதுமையிலே யாருக்கும் கடன்படாமல் நின்றது.

1938 ஏப்ரல் 7-இல் அம்மையார் மறைந்தார். மோன்மார்த்தின் பழைய கோயிலிலே நடந்த இறுதிச் சடங்குக்குப் பிக்காசோவும் பிராக்கும் தெராவும் வந்தார்கள். 450-க்கு மேற்பட்ட எண்ணெய் வண்ண ஓவியங்களை விட்டுச் சென்றார்.

அதன்பின் உலகம் என்ன செய்தது? நான்காவது பெயர் ஒன்று சூட்டியது: உத்ரில்லோவின் தாய்! உயிரோடு இருந்தபோது, இன்ன ஓவியரின் மாடல் என்றார்கள். இறந்தபின், இன்ன ஓவியரின் அம்மா என்றார்கள். தாமே ஓவியர் என்பதை ஒப்ப எத்தனை காலம் ஆயிற்று பாருங்கள்! கோர்த்தோ தெரு வீடு 1960-இல் மோன்மார்த் அருங்காட்சியகமாயிற்று. அம்மையார் வேலை செய்த கூடத்தைச் செப்பனிட்டு மக்களுக்குத் திறந்தது 2014-இல். பாரிசின் பொம்பிது கலையகம் அவருக்கென்று தனிப் பெருங்காட்சி நடத்தியது 2025-இல். மறைந்து 87 ஆண்டுகள்!

அந்தக் குன்றிலே இன்று ஏழைகள் குடியிருக்க முடியுமா என்றும் எண்ணிப் பாருங்கள். குறைந்த வாடகைக்காக வந்தவர்கள் கலை படைத்தார்கள். கலையைக் காண உலகம் வந்தது. உலகம் வந்ததால் வாடகை ஏறிற்று. இன்று ஒரு சலவைக்காரி தகப்பனில்லாக் குழந்தையை இடுப்பிலே சுமந்துகொண்டு மோன்மார்த்துக்கு வந்தால், அறை கிடைக்குமா? குன்றின் புகழைப் பேசுவோர் விடைகூற வேண்டிய கேள்வி இது.

குன்றின் அடிவாரத்திலே, கம்பிவடத்தில் ஏறும் வண்டி புறப்படுமிடத்துச் சதுக்கத்துக்குச் சூசான் வாலதோன் என்ற பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். உச்சிக்குப் போகும் நெடிய படித்தெரு ஒன்றுக்கு மகனின் பெயர். பேராலயத்தைக் காணச் செல்வோர் பலர் அந்தப் பெயர்ப்பலகைகளைக் கடந்துதான் ஏறுகிறார்கள். எத்தனை பேர் நின்று படிக்கிறார்களோ! நாம் படிப்போம். தோழர்களே, ஓவியமானாலும் சிற்பமானாலும் மாளிகையானாலும், கண்டு வியக்கும்போது அடியிலே பொறித்த பெயரோடு நின்றுவிடாதீர்கள். சுமந்தவர் யார், வெளுத்தவர் யார், நின்றவர் யார் என்று கேளுங்கள். அவர்களில் எத்தனை பேருடைய கையிலே தூரிகை எட்டாமலே போயிற்று என்று கேளுங்கள். ஒரே ஒரு கைக்கு எட்டியது. அந்தக் கை எழுதிய பெயரைக் குன்றின் அடிவாரத்திலே பொறித்து வைக்க வேண்டி வந்தது.